நெதர்லாந்தின் கௌடாவில் தண்ணீர் தேர்தல்

மார்ச் 6, 2023

வாக்களிப்பு அனுமதிச்சீட்டு தபாலில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு, எனக்கு ஒன்று. மாகாணத் தேர்தலில் வெளிநாட்டவருக்கு ஓட்டு இல்லை. கரைகளையும் நீர்மட்டத்தையும் பார்த்துக்கொள்ளும் நீர்வாரியத்தின் தேர்தலில் உண்டு. வரி மட்டும் வருஷா வருஷம் தவறாமல் கட்டுகிறோமே!

நெதர்லாந்தில் 21 நீர்வாரியங்கள். எங்கள் ரைன்லாண்ட் வாரியம் 13ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. அப்போது நெதர்லாந்து என்றொரு நாடே கிடையாது. கரை ஓரிடத்தில் உடைந்தாலும் ஊரே மூழ்கும் என்பதால், பகையாளிகளும் ஒன்றாக உட்கார்ந்து செலவைப் பங்கிட வேண்டியிருந்தது.

மார்ச் 9

இந்தப் பக்கமெல்லாம் கரிச்சதுப்பு மண், அதாவது நீருக்கடியில் பாதி மட்கிய செடிகொடிகள். நீரை வடித்தால் காற்று புகுந்து மண் மட்கும், நிலம் தாழும். தாழ்ந்ததால் இன்னும் ஆழமாக வடிக்க வேண்டும். காற்றாலை, நீராவி, மின்சாரம் என்று பம்பு மாறியதே தவிர இந்தச் சுற்று நிற்கவில்லை. நீர்மட்டம் தாழ்வாக இருந்தால்தான் மேய்ச்சல் நிலத்தில் டிராக்டர் புதையாது. ஆனால் ரொம்பத் தாழ்ந்தால் பழைய வீடுகளைத் தாங்கும் மரத்தூண்கள் காற்றுப்பட்டு உளுத்துப்போகும். சில சென்டிமீட்டருக்காக இங்கே அரசியல் நடக்கிறது.

மார்ச் 12

சாய்டர்சே விரிகுடாவை அடைத்தால் அலையேற்றம் எப்படி மாறும் என்று கணக்கிட 1918இல் ஒரு குழு போட்டார்கள். தலைவர், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் லோரன்ஸ். எட்டு வருஷம் கணக்குப் போட்டார். 1932இல் 32 கிலோமீட்டர் அணை முடிந்தபோது கணக்கு பெரும்பாலும் சரியாக இருந்தது. பார்க்க அவர் உயிரோடில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஊஸ்டர்ஸ்கெல்ட கதை. 1953 வெள்ளத்தில் 1,836 பேர் இறந்த பிறகு, அந்தக் கழிமுகத்தை முழுசாக அடைத்துவிடத் திட்டமிட்டார்கள். உப்புநீர் போனால் சிப்பியும் போகும் என்று மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். கடைசியில் 62 மதகுகளோடு அணை கட்டினார்கள். புயல் வந்தால்தான் மூடுவார்கள். 1986இல் திறப்பு. செலவு எகிறியது. எகிறட்டும், பொறியாளர்களை ஊர்க்காரர்கள் திருத்திய அணை அது.

மார்ச் 16

நேற்று ஓட்டுப் போட்டேன். நீர்வாரியத்தில் உழவர்களுக்கு இரண்டு, இயற்கைக்கு இரண்டு என நான்கு இடங்கள் தேர்தலே இல்லாமல் ஒதுக்கீடு. அது எனக்கு ஒப்பவில்லை. 2019இல் தொடங்கிய உழவர் கட்சிதான் மாகாணத் தேர்தலில் முதலிடம். பக்கத்து வீட்டுக்காரரின் தம்பி மாடு வளர்க்கிறார். இவர் வீடோ மரத்தூண் மேல் நிற்கிறது. யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.