ரிவர் கிளைடு: ஒரு நாள் போரும் அறுபத்தோர் ஆண்டு உழைப்பும்

ரிவர் கிளைடு என்னும் பிரிட்டிஷ் சரக்குக் கப்பலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் உலகப் போரில் அது துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் படைகளை இறக்கப் போன 1915 ஏப்ரல் 25 விடியற்காலையில் தொடங்கி, அன்று இரவோடு முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு நாளுக்கு முன்னால் பத்து ஆண்டுகளும் பின்னால் ஐம்பத்தோர் ஆண்டுகளும் அக்கப்பல் இருந்தது என்பது ஓரிரு வரிகளில் அடங்கிவிடுகிறது. எனக்கு அந்த ஓரிரு வரிகளின் மேல்தான் ஆர்வம் அதிகம். ஆனாலும் அந்த ஒரு நாளைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல இயலாது.

ஸ்காட்லாந்தின் போர்ட் கிளாஸ்கோ நகரில், ரஸ்ஸல் நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளத்தில் 1905ஆம் ஆண்டு கட்டப்பட்ட நீராவிக் கப்பல் இது. கொள்ளளவு 3,913 டன். அக்காலத்தில் பிரிட்டனில் இப்படிப்பட்ட கப்பல்கள் ஏராளமாக இருந்தன. இவற்றுக்குக் கால அட்டவணையோ நிலையான வழித்தடமோ கிடையாது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டிப் போகும் லாரிகளில் பாதி, இறக்கிய ஊரிலேயே அடுத்த லோடு எந்த ஊருக்குக் கிடைக்கிறதோ அந்த ஊருக்குத்தான் கிளம்பும். இக்கப்பல்களின் பிழைப்பும் அப்படித்தான். நிலக்கரி ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, அங்கே தானியம் கிடைத்தால் தானியம், தாதுமண் கிடைத்தால் தாதுமண். கடலையே பார்க்காத மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கப்பலைப் பற்றி எதற்கு எழுதுகிறாய் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுவே.

போர் தொடங்கியபின் இராணுவச் சுமைகளையும் ரிவர் கிளைடு சுமக்க நேர்ந்தது. கலிப்போலிக்குப் போகும் முன் அது கடைசியாக ஏற்றியிருந்த சரக்கு கோவேறு கழுதைகள். அன்றைய படைகள் விலங்குகளின் முதுகில்தான் நகர்ந்தன. நம் ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கும் இடம்கூட, இராணுவத்துக்குக் குதிரை வளர்ப்பதற்காக ஏற்பட்டதுதான். சாணமும் மூத்திர நெடியும் நிறைந்திருந்த சரக்கறைகளைக் கழுவித் துடைத்து, அவற்றுக்குள் மனிதர்களை ஏற்றும் வேலை 1915 ஏப்ரலில் அவசர அவசரமாக நடந்தது.

டார்டனெல்ஸ் நீரிணையைக் கைப்பற்றிவிட்டால் இஸ்தான்புல்லை எட்டிவிடலாம், ரஷ்யாவுக்கு வழி திறந்துவிடும் என்பது நேச நாடுகளின் கணக்கு. போர்க்கப்பல்களை மட்டும் அனுப்பிப் பார்த்த முயற்சி மார்ச் 18 அன்று கண்ணிவெடிகளில் சிக்கித் தோற்றது. எனவே தரைப்படையை இறக்குவது என்று முடிவாயிற்று. தீபகற்பத்தின் தென்முனையில், செத்துல்பஹிர் என்னும் பழைய கோட்டையின் அடிவாரத்தில், பிறைபோல் வளைந்த ஒரு சிறு கடற்கரை இருக்கிறது. படையினர் அதற்கு ‘வி’ கடற்கரை என்று பெயரிட்டிருந்தனர். அங்கே திறந்த படகுகளில் சில நூறு பேரைத்தான் ஒரே நேரத்தில் இறக்க முடியும். எட்வர்டு அன்வின் என்ற கடற்படைக் கமாண்டர் ஒரு மாற்று யோசனை சொன்னார். ஒரு சரக்குக் கப்பலுக்குள் இரண்டாயிரம் பேரை ஒளித்துவைத்து, கப்பலையே கொண்டுபோய்க் கரையில் மோதித் தரைதட்ட வைத்துவிடலாம் என்றார். அப்போது ஐம்பத்தொரு வயதிலிருந்த அன்வின், கடற்படைக்கு வருமுன் வணிகக் கப்பல்களில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். சரக்குக் கப்பல் எதைத் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும்.

நீரிணையின் எதிர்க்கரையில்தான் பழைய டிராய் நகரம் இருந்தது என்பதால், எல்லோரும் இதை, வீரர்களை வயிற்றில் ஒளித்து அந்நகருக்குள் புகுத்திய மரக்குதிரைக் கதையோடு ஒப்பிட்டுவிட்டார்கள். எனக்கு நினைவுக்கு வருவது, பெருங்கதைக் காப்பியத்தில் உதயணனைச் சிறைபிடிப்பதற்காகப் பிரச்சோதனன் வீரர்களை வயிற்றில் அடைத்து அனுப்பிய எந்திர யானை. அந்த யானை தன் வேலையை முடித்தது. இக்கப்பலின் கதை அப்படி முடியவில்லை.

கப்பலின் இரு பக்க இரும்புச் சுவர்களிலும் வாசல்கள் வெட்டப்பட்டன. அவற்றிலிருந்து முன்முனை நோக்கிச் சாய்வான மரப்பலகை நடைபாதைகள் கயிற்றில் தொங்கவிடப்பட்டன. முன்முனையில் மணல் மூட்டைகளுக்கும் இரும்புத் தகடுகளுக்கும் பின்னால் பதினோரு இயந்திரத் துப்பாக்கிகள் நிறுத்தப்பட்டன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே உள்ள நீர்ப்பரப்பை அடைப்பதற்கு, தானாக ஓடிப்போய்ப் பாலமாக நிற்கும்படி ஒரு சிறு நீராவிப் படகும், துணைக்குச் சில தோணிகளும் ஏற்பாடு செய்யப்பட்டன. காகிதத்தில் பார்த்தால் இத்திட்டத்தில் குறை காண்பது கடினம்.

உள்ளே இருந்தவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மன்ஸ்டர் பியூசிலியர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவு, ஹாம்ப்ஷயர் படைப்பிரிவின் ஒரு பகுதி, டப்ளின் பியூசிலியர்ஸ் முதல் பட்டாலியனின் ஒரு கம்பெனி ஆகியோர் கப்பலில் இருந்தனர். டப்ளின் பட்டாலியனின் மற்றவர்கள் திறந்த படகுகளில் வந்தனர். இந்த டப்ளின் பட்டாலியன் நமக்கு அந்நியமானதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஐரோப்பியப் படையின் நேர் வாரிசு அது. ஆற்காடும் வந்தவாசியும் அதன் போர் விருதுகளாகக் கொடியில் பொறிக்கப்பட்டிருந்தன. 1914 ஆகஸ்ட்டில் போர் மூண்டபோது அவர்கள் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில்தான் இருந்தார்கள். எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசிய அதே ஆண்டின் இறுதியில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, அடுத்த ஏப்ரலில் இந்தக் கடற்கரைக்கு வந்தார்கள். எம்டனைப் பற்றி ஊரெல்லாம் பேசும் நாம், அக்கோட்டையில் இருந்தவர்கள் எங்கே போய் மடிந்தார்கள் என்று கேட்பதில்லை.

காலை ஆறரை மணிக்குச் சற்று முன் ரிவர் கிளைடு தரைதட்டியது. அவ்வளவு மெதுவாகத் தட்டியதால் உள்ளே இருந்தவர்களில் பலருக்கு அது உறைக்கவே இல்லை. கரையை நெருங்க வேண்டிய அளவுக்கு அது நெருங்கவில்லை. பாலமாக வேண்டிய நீராவிப் படகு பக்கவாட்டில் விலகிப் போய்விட்டது. அன்வினும் வில்லியம் வில்லியம்ஸ் என்ற மாலுமியும் மார்பளவு நீரில் இறங்கி, தோணிகளைக் கயிற்றால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதாவது பாலத்துக்கு நங்கூரமாக நின்றவர்கள் இரண்டு மனிதர்கள். வாசல்களிலிருந்து மன்ஸ்டர் படையினர் வெளியே ஓடிவந்தபோது, அதுவரை அமைதியாக இருந்த கோட்டையிலிருந்தும் மேட்டிலிருந்தும் துருக்கியர் சுடத் தொடங்கினர். நடைபாதைகளிலேயே ஆட்கள் குவியலாக விழுந்தனர். காயம்பட்டு நீரில் விழுந்தவர்களை முதுகில் கட்டியிருந்த மூட்டையின் பாரமே மூழ்கடித்தது. வில்லியம்ஸ் குண்டடிபட்டதும் அன்வின் கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கினார். தோணிகள் நீரோட்டத்தில் விலகின. வில்லியம்ஸ் அங்கேயே இறந்தார். குளிரில் விறைத்துச் சாய்ந்த அன்வின், சற்றே தேறியதும் மருத்துவர் பேச்சைக் கேளாமல் மீண்டும் நீரில் இறங்கினார். மேலே பறந்து பார்த்த விமானப்படைத் தளபதி சார்லஸ் சாம்சன், கரையிலிருந்து ஐம்பது கெஜம் வரை கடல் சிவந்திருந்ததாகப் பதிவு செய்திருக்கிறார். தோணிகளைப் பிடித்தும் காயம்பட்டோரை மீட்டும் உழைத்த கடற்படையினர் ஆறு பேருக்கு, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதாகிய விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

காலையிலேயே மேலும் ஆட்களை அனுப்புவது நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேர் இருட்டும் வரை கப்பலுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். கரையில் தப்பியவர்கள் ஓர் ஆள் உயரம்கூட இல்லாத மணல் திட்டின் மறைவில் ஒடுங்கியிருந்தார்கள். துருக்கியர் இறங்கிவந்து அவர்களை முடித்துவிடாமல் தடுத்தவை கப்பலின் முன்முனையிலிருந்த அந்த இயந்திரத் துப்பாக்கிகளே. ஆகவே திட்டம் முழுத் தோல்வி என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. எதிரே இருந்தவர்கள் ஒரு கம்பெனி அளவினர்தான். அவர்களில் எசினேலி யாஹ்யா சாவுஷ் என்ற சார்ஜெண்டைத் துருக்கியர் இன்றும் கொண்டாடுகிறார்கள். அவர் பெயரில் அங்கே நினைவிடம் உண்டு. மறுநாள் கோட்டையையும் கிராமத்தையும் பிடித்த தாக்குதலைக் கையில் வெறும் பிரம்போடு நடத்திச் சென்று உயிரிழந்த டவுட்டி-வைலி என்ற அதிகாரி, பால்கன் போரில் துருக்கியக் காயம்பட்டோருக்குச் செஞ்சிலுவைப் பணி செய்து துருக்கியரிடமே பதக்கம் பெற்றவர்.

அக்கப்பலின் புகைப்படங்களில் என் கண் முதலில் போவது வண்ணப்பூச்சின் மேல்தான். கோட்டைச் சுவரின் நிறத்தோடு கலந்து தெரியும்படி மணல் நிறம் பூச நினைத்திருக்கிறார்கள். முன்பகுதியில் திட்டுத் திட்டாகப் பூசியதோடு நேரம் முடிந்துவிட்டது. கறுத்த இரும்பின் மேல் அந்த வெளிர்த் திட்டுகளும், சுவரில் சதுரமாக வெட்டிய வாசல்களும் அப்படியே நிற்கின்றன.

அதன் பிறகு ரிவர் கிளைடு எட்டு மாதங்களுக்கு மேல் அசையாமல் வேலை செய்தது. ‘வி’ கடற்கரை பிரெஞ்சுப் படையின் பொறுப்புக்குப் போனது. கப்பல் அலைதடுப்பாகவும் துறைமேடையாகவும் பயன்பட்டது. தண்ணீரும் தளவாடமும் அதன் ஓரமாகத்தான் இறங்கின. நீரிணைக்கு அப்பாலிருந்த ஆசியக் கரைப் பீரங்கிகள் அக்கடற்கரையை ஓயாமல் தாக்கின. மே மாதத் தொடக்கத்தில் 29ஆவது இந்தியப் படையணியும் அந்தத் தென்முனைக்கு வந்தது. ஜூன் 4 அன்று 14ஆவது சீக்கியப் படைப்பிரிவு பேரிழப்பைச் சந்தித்தது. இந்திய கோவேறு கழுதை வண்டிப் படையினர் இறுதிவரை அங்கே பாரம் சுமந்தனர். 1916 ஜனவரி 8ஆம் தேதி இரவு கடைசிப் படைகள் வெளியேறியபோது கப்பலை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

1919இல் அதை மீண்டும் மிதக்க வைத்தார்கள். நாலாண்டு மண்ணில் கிடந்து, குண்டு பட்டு, பக்கங்களில் ஓட்டை போட்ட ஒரு பழைய கப்பலுக்கு ஏன் இத்தனை செலவு? ஜெர்மன் நீர்மூழ்கிகளாலும் கண்ணிவெடிகளாலும் பிரிட்டன் மட்டுமே சுமார் 77 இலட்சம் டன் வணிகக் கப்பல்களை இழந்திருந்தது. போர் முடிந்ததும் உலகெங்கும் சரக்குத் தேங்கியிருந்தது. ஏற்றக் கப்பல் இல்லை. 1919, 1920 ஆண்டுகளில் கப்பல் விலை தாறுமாறாக ஏறியிருந்தது. மால்டாவில் பழுதுபார்த்து, 1920இல் ஸ்பானிய உரிமையாளர்களிடம் விற்றார்கள். அடுத்த ஓராண்டுக்குள் கப்பல் சந்தை சரிந்தது என்பதை நினைத்தால், விற்றவர்கள் நேரம் பார்த்துத்தான் விற்றிருக்கிறார்கள்.

ஸ்பெயினில் அதற்கு ஆஞ்செலா என்று பெயர் வைத்தார்கள். பின்னர் கைமாறி மருஹா இ அவுரோரா ஆயிற்று. இரண்டும் பெண்களின் பெயர்கள். வெட்டிய வாசல்களை அடைத்த இடத்தில் புதிய தகடு, சரக்கறைகளில் மறுபடியும் சரக்கு. ஸ்பானிய உள்நாட்டுப் போர் வந்து போயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஸ்பெயின் நேரடியாக இறங்கவில்லை என்பதால், அதே வயதுடைய பிரிட்டிஷ் கப்பல்கள் அட்லாண்டிக்கில் மூழ்கிக்கொண்டிருந்தபோது இது வேறொரு கொடியின் கீழ் இருந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் இப்படி ஓடின. இதைப் பற்றி யாரும் கவிதை எழுதவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகள் ஓடித் தேய்ந்த ஒரு நீராவிக் கப்பலை அதன் பொறியறை ஆட்கள் எப்படிப் பேணியிருப்பார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

இப்படியொரு கப்பலை விற்றுத் தின்றது அவமானம் என்று பிரிட்டனில் சிலர் எழுதியிருக்கிறார்கள். நடுகற்கள் நிறைந்த மாவட்டத்துக்காரனாகிய எனக்கு அந்த வருத்தம் புரிகிறது. தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள கற்களில், ஆநிரை மீட்கப் போய் இறந்தவன் வில்லும் வாளுமாக நிற்பான். உடலில் தைத்த அம்புகளைக்கூடச் சிற்பி செதுக்கியிருப்பான். ஆனால் அந்தக் கல் அதற்கென்றே நடப்பட்டது. கப்பல் சரக்கு ஏற்றுவதற்குக் கட்டப்பட்டது. அது மீண்டும் சரக்கு ஏற்றப் போனதில் இழிவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. மடிந்தவர்களுக்கு அந்தக் கடற்கரையிலேயே கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சற்றுத் தொலைவிலுள்ள ஹெல்லெஸ் நினைவுத்தூணில், புதைத்த இடம் தெரியாத இருபதாயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. அவற்றில் இந்தியப் படையினர் பெயர்களும் அடக்கம்.

கலிப்போலிப் போரின் ஐம்பதாம் ஆண்டாகிய 1965இல், கப்பலைத் திரும்ப வாங்கிப் பாதுகாக்க ஒரு முயற்சி நடந்து பலிக்காமல் போயிற்று. 1920இலேயே விற்காமல் வைத்திருந்தால் செலவு குறைந்திருக்கும். அறுபது வயதான இரும்புக் கப்பலை நீரில் வைத்துக் காப்பாற்றுவது யானையைக் கட்டித் தீனி போடும் கதை. 1966இல், ஸ்பெயினின் வடகரையிலுள்ள அவிலேஸ் துறைமுகத்தில், மருஹா இ அவுரோரா பழைய இரும்பாக உடைக்கப்பட்டது.