நயாகராவுக்குப் போற வழியில் ஒரு கப்பலையும் பாருங்கள்

கோடை தொடங்கினால் போதும், ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாராவது வந்து இறங்குவார்கள், பெட்டியைப் பிரிக்க முதலே "நயாகரா எப்ப?" என்று கேட்பார்கள். ரொறன்ரோவில் இருக்கிற எந்தத் தமிழ் வீட்டுக்கும் இது பழகின கேள்விதான். கூட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும், அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் விழுவதைப் பார்க்காமல் யாரை விமானம் ஏற்றுவது? ஆனால் அருவியைப் பார்த்து, படம் எடுத்து, பார்க்கிங்குக்கு அநியாயக் காசு கட்டி, பக்கத்தில் கிளிஃப்டன் ஹில் என்கிற கேளிக்கைத் தெருவில் பிள்ளைகள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வருகிறோமே, அங்கேதான் எனக்குக் குறை.

போகிற வழியில் சென்ற் கதரின்ஸில் வெலண்ட் கால்வாய் இருக்கிறது. அதன் மூன்றாவது லொக்கில், அதாவது தண்ணீரை நிரப்பியும் இறக்கியும் கப்பலை ஏற்றி இறக்குகிற கதவு போட்ட தொட்டியடியில், காரை நிறுத்துங்கள். பார்வை மேடைக்குக் காசு இல்லை. ஈரி ஏரி ஒன்ராறியோ ஏரியைவிட ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அதனால்தான் நயாகரா ஆறு நடுவில் அருவியாக விழ வேண்டியிருக்கிறது. தண்ணீர் விழலாம், கப்பல் விழ முடியாதே! அதற்காகத்தான் இரண்டு ஏரிகளையும் இணைக்கிற இந்தக் கால்வாய். இப்போது இருப்பது 1932-ல் திறந்தது. மொத்தம் 8 லொக், 43 கிலோமீற்றர் சொச்சம் நீளம்.

கீழேயிருந்து மேலே போகிற கப்பல் ஒன்று வரும் நேரம் நின்றால் யோகம். 225 மீற்றர் நீளக் கப்பல்கள்கூட வரும். லொக்கின் அகலம் 24.4 மீற்றர், பெரிய கப்பலின் அகலம் 23.8. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சாண் சொச்சம்தான் மிச்சம், அதற்குள் அது சுவரில் இடிக்காமல் மெதுவாக நுழைகிறது. பின்னால் கதவு மூடுகிறது. பிறகு தண்ணீர் ஏறத் தொடங்கும், பம்ப் ஒன்றும் கிடையாது, மேலே இருக்கிற தண்ணீர் தன் பாட்டில் கீழே இறங்கி நிரப்புகிறது. பத்து நிமிடம் அளவில் கப்பல் 14 மீற்றர் உயர்ந்துவிடும், முதலில் நாம் குனிந்து பார்த்த மாலுமி கடைசியில் நமக்கு மேலே நின்று கை காட்டுவார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அருவியைப் பற்றி ஒரு நாள் கதைத்தார்கள், இதைப் பற்றி இன்னும் கதைக்கிறார்கள். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு என்று இணையத்தில் முதலே பார்த்துக்கொண்டு வெளிக்கிடுங்கள், இல்லாவிட்டால் வெறும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு ரோல்ஸ் சாப்பிட வேண்டியதுதான். ஜனவரியிலிருந்து மார்ச் பிற்பகுதி வரை கால்வாய் மூடியிருக்கும்.

அப்புறம் அருவி. பகலிலேயே போங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1950-ல் கனடாவும் அமெரிக்காவும் செய்த ஒப்பந்தப்படி சுற்றுலாக் காலத்தில் பகலில் நொடிக்குக் குறைந்தது 2,832 கன மீற்றர் தண்ணீர் அருவியில் விழ வேண்டும். இரவு நேரத்திலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும், மிச்சத்தை மின்சாரத்துக்குத் திருப்பி விடுகிறார்கள். நாம் பார்க்கிற நயாகராவுக்கும் ஒரு திருகுபிடி இருக்கிறது என்று சொன்னால் சிலர் நம்ப மாட்டார்கள்.

நேரம் மிஞ்சினால் நயாகரா ஒன் த லேக் வரை போகலாம், பழைய ஊர், பூக்கள், விலை கொஞ்சம் கூட. ஆனால் ஏரிக்கரைக்கு வாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் அக்கரையில் ரொறன்ரோவின் சி.என். கோபுரம் குச்சி மாதிரித் தெரியும். நேரே பார்த்தால் 50 கிலோமீற்றர் அளவுதான், நாம் ஹமில்ரன் பக்கமாக ஏரியைச் சுற்றி 130 கிலோமீற்றர் ஓடி வந்திருக்கிறோம்.

கார் இல்லாதவர்கள் ரொறன்ரோ யூனியன் ஸ்டேஷனிலிருந்து கோ ரயிலில் நயாகரா ஃபோல்ஸ் ஊர் வரை போகலாம், லொக் மட்டும் தவறிப்போகும். ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிடுகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: எதிர்த் திசையில் பீற்றர்பரோ. அங்கே 1904-ல் கட்டிய படகு லிப்ட், இரண்டு பெரிய தொட்டிகள் தராசு போல. மேலே உள்ள தொட்டியில் ஒரு அடி தண்ணீர் கூட விட்டால் அது பாரத்தில் கீழே இறங்கும், மற்றது படகோடு 20 மீற்றர் மேலே வரும். நயாகரா நெரிசல் இல்லை, மர நிழலில் பாயை விரித்து இடியப்பப் பார்சலைப் பிரிக்க இடமும் இருக்கிறது.

ஹமில்ரனைச் சுற்றி நூற்றுக்கு மேல் சின்ன அருவிகள் இருக்கின்றன, அவற்றுக்கு இலை பழுக்கிற ஒக்ரோபர்தான் சரி. வெப்ஸ்டர் அருவிக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். லோங் வீக்கெண்டில் மட்டும் எந்தப் பக்கமும் வெளிக்கிடாதீர்கள், கியூ.இ.டபிள்யூ நெடுஞ்சாலையிலேயே பொழுது போய்விடும்.