வளவு வீட்டில் வால்வ் ஆம்ப்: மைக் இல்லாமல், ஓசைப்படாமல்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முகப்பில் நின்றால் வளவு என்னும் நடு முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டு வாசல் வரை ஒரே நேர்கோடு. சுண்ணாம்புச் சாந்தில் வழவழவென்று இழைத்த சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். ஒலியை உறிஞ்ச எதுவுமே கிடையாது. ஓர் அறையில் 15 வாட் ஆம்ப்பை, அதாவது கிட்டாரின் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டால் பட்டாலையில் கண்ணயர்ந்த ஆயா எழுந்துவிடுவார், அடுத்த பங்கில் இருக்கும் பங்காளி வீட்டாருக்கும் கேட்கும். மைக் வைத்தாலும் கிட்டாரோடு அறையின் எதிரொலியும் சேர்ந்துதான் பதிவாகும். ஸ்பீக்கரையே கழற்றிவிட்டுப் பதிவு செய்வதுதான் இந்த வீடுகளுக்குத் தோது.

ஆனால் டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடும் வால்வ் ஆம்ப்பில் ஸ்பீக்கரைச் சும்மா கழற்றக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை இல்லாமல் வாசித்தால் அதன் பிரைமரியில், அதாவது வால்வ் பக்கத்துச் சுருளில், வோல்டேஜ் எகிறும். வால்வ் சாக்கெட்டில் பொறி பறக்கும், சுருளின் இன்சுலேஷன் கருகி ஷார்ட் ஆகும். ஸ்பீக்கர் இருந்த இடத்தில் ஒரு டம்மி லோடு, அதாவது சத்தம் போடாமல் ஆம்ப்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் போலிச் சுமை, இருந்தே ஆக வேண்டும்.

20 வாட் வரையுள்ள ஆம்ப்புக்கு இதை வீட்டிலேயே செய்யலாம். 82 ஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் பத்து வாங்கி, பத்தையும் பேரலலாக இணைத்தால் 8.2 ஓம், மொத்தம் 100 வாட் தாங்கும். ஆம்ப்பின் 8 ஓம் அவுட்புட்டில் செருகலாம். 20 வாட்டுக்கு 100 வாட் எதற்கு என்று கேட்கலாம். முழு டிஸ்டார்ஷனில் ஆம்ப் தனக்குக் குறித்த வாட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை தள்ளும், ரெசிஸ்டரும் அதன் முழு அளவில் ஓடினால் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். ஒரே பெரிய ரெசிஸ்டரைவிடப் பத்துச் சின்னது நல்லது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒற்றை ரெசிஸ்டர் அறுந்தால் சுமை முழுதும் போய்விடும். பத்தில் ஒன்று அறுந்தால் 9.1 ஓம் ஆகும், அவ்வளவுதான். ஆம்ப் பிழைத்துக்கொள்ளும்.

ரெசிஸ்டர்களை ஒன்றோடொன்று ஒட்டாமல், துளை போட்ட அலுமினியப் பெட்டியில் பொருத்துங்கள். பெட்டியைப் பாய் மேலோ தேக்குப் பலகை மேலோ வைக்காமல், அடியில் செங்கல் துண்டு கொடுத்துத் தரையில் வையுங்கள். ஆம்ப்பிலிருந்து பெட்டிக்குக் கிட்டார் கேபிள் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பி மெல்லியது, சூடேறி அறுந்தால் மறுபடி சுமையில்லாத கதைதான். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரின் இரு முனையிலும் மோனோ பின் வைத்துச் சாலிடர் செய்தால் போதும்.

இனி சிக்னல். 15 வாட், 8 ஓம் என்றால் சுமையில் சுமார் 11 வோல்ட் நிற்கும். அதை ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) நேராகக் கொடுத்தால் இன்புட் பழுதாகலாம். சுமைக்குக் குறுக்கே 10 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் தொடராக இணைத்து, 1 கிலோ ஓமின் இரு முனையிலிருந்து எடுத்தால் பதினொன்றில் ஒரு பங்கு, அதாவது 1 வோல்ட் கிடைக்கும். இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டுக்கு அது அளவான தீனி. உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் கெயினை வையுங்கள். நடுவே ஆடியோவுக்கான 1:1 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்தால், ஆம்ப்பின் எர்த்தும் கணினியின் எர்த்தும் கேபிள் வழியே வளையமாகச் சேரும் கிரவுண்ட் லூப்பால் வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் அடங்கும். உறுமலை நிறுத்த ஆம்ப்பின் எர்த் பின்னை ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உயிர் போகும் காரியம். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருந்தும் எர்த் ஒயர் வராமல் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனை வைத்து முதலில் அதைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து கேட்டால் டப்பாவுக்குள் மாட்டிய வண்டு மாதிரி இரையும். பயப்பட வேண்டாம். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரேலென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பை இத்தனை நாள் மறைத்து வந்தது அதுதான். ஆம்ப்பின் குணத்தில் பாதி ஸ்பீக்கருடையது என்பது இங்கேதான் காதுக்குப் புரியும். அந்தப் பாதியைத் திருப்பிக் கொண்டுவருவது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர். ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன் வைத்த மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றின என்பதைப் பிடித்து வைத்த சின்ன வேவ் ஃபைல் அது. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் உள்ள ரியாவெர்ப் இதைத் திறக்கும், இக்னைட் ஆம்ப்ஸின் இலவச பிளகின் நாடிரும் திறக்கும். ரியாவெர்ப்பில், ஐஆர் படாத மூல ஒலியின் அளவான டிரை ஸ்லைடரை முழுதாக இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டுச் சத்தம் கூடவே கசியும். நூறு ஐஆர் இறக்கி வைத்துக்கொண்டு தடுமாறுவதைவிட, பிடித்த இரண்டு மூன்றோடு பழகுவது மேல்.

ரெசிஸ்டர் சுமையில் ஒரு குறை உண்டு, மறைக்க முடியாது. உண்மையான ஸ்பீக்கரின் ஓம் நிலையானதல்ல. 100 ஹெர்ட்ஸ் அருகே பல மடங்கு ஏறும், உயர் ஸ்தாயியிலும் ஏறிக்கொண்டே போகும். வால்வ் ஆம்ப் அந்த வளைவைப் பின்பற்றித்தான் பாடும். ரெசிஸ்டரில் அது தட்டையாகி, விரலுக்கடியில் துள்ளல் குறையும். ஐஆருக்கு முன்னால் ஒரு ஈக்யூ (ஈக்வலைசர்) போட்டு 100 ஹெர்ட்ஸ் பக்கமும் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் 3 டெசிபல் தூக்கினால் ஒலி ஓரளவு சரியாகும். விரலுக்குத் தெரியும் துள்ளல் வேண்டுமானால், கம்பிச் சுருளும் கபாசிட்டரும் உள்ள ரியாக்டிவ் லோடு பாக்ஸ் வாங்குவதே வழி.

பதிவு செய்யும்போது இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் இரைச்சல் சிங்கிள் காயில் பிக்கப்பில் அப்படியே ஏறும். திருகத் திருக வேகம் மாறும் ஃபேன் ரெகுலேட்டரும் இதே தொல்லைதான். ஃபேனை அணைத்துவிட்டு வாசிப்பது உத்தமம்.

ஒவ்வொரு முறையும் ஆம்ப்பைப் போடுவதற்கு முன், அதில் செருகப்போகும் பின்னின் முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 8.2 ஓம் பக்கத்தில் இருந்தால் சரி. 9-ஐத் தாண்டினால் ஒரு ரெசிஸ்டர் போயிருக்கிறது, மாற்றுங்கள். மீட்டர் எதையும் காட்டாவிட்டால் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. அன்றைக்கு ஆம்ப்பின் சுவிட்சைத் தொடாதீர்கள்.