கேஷுவாலிட்டியில் ஒரு ப்ளக் பாயிண்ட்

எனக்கு எலக்ட்ரிக்கல் கடை. வயர், சுவிட்ச், மோட்டார் ஸ்டார்ட்டர் விற்கிறவன். மதுரைக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நான்குவழிச் சாலை ஓரமாகப் போகும் ஒரு தாலுகா ஊர். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஜி.எச்.சில் இருக்கும் சிலருக்குச் சங்கடம், அவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

2022 தை மாதம். கடையில் வேலை பார்க்கும் பையன் இரவு வீட்டுக்குப் போகும்போது பைபாஸைக் கடக்கிற இடத்தில் ஒரு கார் தட்டிவிட்டுப் போய்விட்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஜி.எச்.சுக்கு ஓடினோம். வாயெல்லாம் ரத்தம். இருந்த ஒரே டியூட்டி டாக்டர் பிரசவ வார்டுக்குப் போயிருந்தார். சிஸ்டர் ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிற சக்‌ஷன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார். வயர் எட்டவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ப்ளக் பாயிண்ட் கருகிப்போய்க் கிடந்தது. அடுத்த சுவரில் இருந்ததில் மருந்து ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. ஜங்ஷன் பாக்ஸ் தேடி ஒருத்தர் வார்டு வார்டாக ஓட, சிஸ்டர் விரலில் துணியைச் சுற்றிப் பையனின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். என் கடையில் நூறு ஜங்ஷன் பாக்ஸ் இருக்கிறது, நான் இங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன்.

பையனை 108-இல் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். பிழைத்துவிட்டான். இடது கால் கொஞ்சம் இழுக்கும். இப்போதும் கடையில்தான் இருக்கிறான்.

அவன் கண் திறந்த அடுத்த நாள், வயரும் இரண்டு பாயிண்ட் பெட்டியும் எடுத்துக்கொண்டு ஜி.எச்.சுக்குப் போனேன். மாட்ட விடவில்லை. "அரசாங்கச் சுவர் சார். ஆணி அடிக்கவே பி.டபிள்யூ.டி. கையெழுத்து வேணும். நீங்க மாட்டிட்டுப் போய், நாளைக்கு ஷார்ட் சர்க்யூட் ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்" என்றார் தலைமை மருத்துவ அலுவலர். எரிச்சலாக இருந்தது. எண்ணூறு ரூபாய் சாமான், அரைமணி நேர வேலை. அது சுவரில் ஏற ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆனது.

வணிகர் சங்கக் கூட்டத்தில் பேசினேன். எல்லாருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் இருந்தது. உடனே, "ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்துருவோம்" என்றார் தலைவர். கைதட்டல். நானும் தட்டினேன். மறுநாள் அந்தத் தலைமை டாக்டரிடம் போய்ச் சொன்னால் அவர் சிரிக்கிறார். "டிரைவர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ், எஃப்.சி. யார் கட்டுவாங்க? கூப்பிட்டா 108 வருது சார். வண்டி பிரச்சினை இல்ல. வண்டி வர்ற வரைக்கும் ஆளை நிறுத்தி வைக்கணும், அதுக்குத்தான் எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

அப்புறம் ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டினார். நன்கொடையாக வந்த சக்கர நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றின் முதுகிலும் கொடுத்தவர் பெயர், எல்லா டயரும் காற்றில்லாமல். மூலையில் பூப்போட்ட துணி போர்த்திய, நாடித்துடிப்பு காட்டும் ஒரு மானிட்டர். விரலில் மாட்டும் புரோப் போய்விட்டதாம். வாங்கிக் கொடுத்தவர்கள் வாரண்டி கார்டைக் கொடுக்கவில்லை, ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் ஏற்றவில்லை. ரிஜிஸ்டரில் ஏறாத சாமான் ஆஸ்பத்திரிக் கணக்கில் இல்லாத சாமான். ரிப்பேர் பார்க்க யாரும் வரமாட்டார்கள். மூன்று வருஷமாகத் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள்.

என்ன வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னேன். டாக்டரும் ஹெட் சிஸ்டரும் உட்கார்ந்து எழுதிய பட்டியலில் பெரிய மெஷின் என்று பார்த்தால் மூன்றோ நாலோதான். மீதியெல்லாம் கழுத்துப் பட்டை, இடுப்பெலும்பு உடைந்தால் இறுக்கிக் கட்டும் பெல்ட், முதுகுத்தண்டுப் பலகை, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் எல்லா சைஸிலும், தள்ளிக்கொண்டு போகும் மருந்து டிராலி, தரையில் அடிக்க சிவப்பு, மஞ்சள், பச்சை பெயிண்ட். பெயிண்ட் எதற்கு என்று கேட்டேன். வருகிறவர்களை ஆபத்தின் அளவைப் பார்த்து மூன்றாகப் பிரிப்பது டி.ஏ.இ.ஐ. வார்டு முறை, அதாவது தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் முறை. யாரை எங்கே படுக்க வைப்பது என்று புதிதாக வந்த சிஸ்டருக்கும் தெரியத்தான் கோடு. டிரானெக்சாமிக் ஆசிட் என்று ஒரு ஊசி பற்றியும் சொன்னார். விலை குறைவு, ஆனால் அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் ரத்தப்போக்குக்குப் பலன். மதுரையில் போட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டால், வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் போயிற்று.

சரி, பட்டியல் கையில் வந்துவிட்டது. யாரிடம் அனுமதி? இதில் நாங்கள் இழந்தது இரண்டு மாதம். சுகாதாரத் துறை எல்லாம் ஒன்று என்று நினைத்து, துணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அவர்கள் பார்ப்பது ஆரம்ப சுகாதார நிலையங்களை. தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி எல்லாம் நலப்பணிகள் இணை இயக்குநர் கையில், ஜே.டி. ஆபீஸ் என்பார்கள். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி என்றால் அது மூன்றாவது இயக்ககம். இதை எங்களுக்குச் சொன்னவர் அதிகாரி இல்லை, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிற ஒரு பெரியவர். எங்கள் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, "அட்ரஸே தப்புங்க தம்பி" என்றார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு புதிதாக எழுதித் தந்தார். அந்த மனு நகர்ந்தது.

வேலையை இரண்டாகப் பிரித்தோம். சாமான்களை நாங்கள் நேரடியாக வாங்கி, ஜே.டி. ஏற்பு கடிதம் பெற்று, ரிஜிஸ்டரில் ஏற்றி ஒப்படைப்பது ஒன்று. வயரிங், எர்த்திங், ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சாய்தளம் ஆகியவை கட்டட வேலை. அதை நமக்கு நாமே திட்டத்தில் சேர்த்தோம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர்மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பி.டபிள்யூ.டி. எஸ்டிமேட் கைக்கு வர ஆறு மாதம். வயரிங் எஸ்டிமேட்டை நான் வரி வரியாகப் படித்தேன், தொழில் அப்படி. கட்டிலுக்கு ஒரு பாயிண்ட் போட்டிருந்தார்கள். சக்‌ஷன், மானிட்டர், ஊசி பம்ப், ஆக எத்தனை வேண்டும் என்று எண்ணிக் காட்டி, கட்டிலுக்கு ஆறு பாயிண்டும் தனி யு.பி.எஸ். லைனும் கேட்டேன். அந்த உதவிப் பொறியாளர் நல்ல மனிதர், மறுபடி போட்டுத் தந்தார். இன்னும் இரண்டு மாதம்.

பணம் திரட்டியதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் ஊர், கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதி எழுதி வெளிச்சமே வராமல் செய்கிற ஊர். பெயர் எழுத இடமிருந்தால் கொடுப்பார்கள். எர்த்திங்குக்கு யார் கொடுப்பார்கள்? நோட்டீஸ் அடித்தோம். ஒருத்தரும் படிக்கவில்லை. அப்புறம்தான் மதுரையில் சப்ளையரிடம் சாம்பிள் வாங்கி வந்து என் கடைக் கவுண்டரில் பரப்பி வைத்தேன். கழுத்துப் பட்டை, இடுப்பு பெல்ட், சக்‌ஷன் குழாய். ஹோல்டர் வாங்க வந்தவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் பட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஜாரில் ஒரு சுற்று வந்தார். பூக்கட்டி விற்கும் அக்கா ஒருத்தர், அதே பைபாஸில் வீட்டுக்காரரைப் பறிகொடுத்தவர், அந்த பெல்ட்டை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். "இத எப்படிக் கட்டணும்?" என்று கேட்டார். காட்டினேன். முந்தானையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து வைத்துவிட்டு, ரசீதுக்கு நிற்காமல் போய்விட்டார். ரசீதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கணக்கு என்றால் கணக்கு.

ரசீதில் ஒரு பாடம் படித்தோம். முதலில் சங்கத்தின் பெயரில் வாங்கினோம். ஒரு மில் முதலாளி வருமான வரிவிலக்குக்கான 80ஜி ரசீது கேட்டார், எங்களிடம் இல்லை. பதிவு பெற்ற ஓர் அறக்கட்டளை வழியாக மாற்றினோம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது என்பதால் பெரிய தொகையெல்லாம் செக், வங்கி மாற்றம். வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். துபாயில், சிங்கப்பூரில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் இதே ஊரில் பிறந்தவராக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வில் பதிவு இல்லாமல் தொடக் கூடாது. அமெரிக்காவில் இருக்கும் என் பள்ளித் தோழன் ஆசையாக அனுப்புகிறேன் என்றான். ஆடிட்டர் தடுத்துவிட்டார். அவன் கோபம் இன்னும் தீரவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை.

கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்குகிற சி.எஸ்.ஆர். பணத்துக்கும் அலைந்தோம். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும், மருத்துவமும் அதில் அடக்கம். நாங்கள் போன இடத்தில் ஒரு பெண் அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "ஒரு மாதத்துக்கு எத்தனை விபத்து கேஸ் வருகிறது, அதில் எத்தனை பேரை மதுரைக்கு அனுப்புகிறார்கள், எவ்வளவு நேரத்தில்?" எங்களிடம் இருந்தது உணர்ச்சி மட்டும்தான். திரும்பி வந்து தலைமை டாக்டரிடம் கேட்டோம். பெயர் விவரங்களைக் காட்டாமல், ஹெட் சிஸ்டர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரைப் பார்த்து நேரத்தை மட்டும் வாசிக்க, நான் கோடு போட்டு எண்ணினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறிலிருந்து நடுராத்திரி வரைதான் கோடுகள் குவிந்தன. அந்த நேரத்தில்தான் ஒரே டாக்டர். கம்பெனி மானிட்டரும், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரும் கொடுத்தது. ஐந்து வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தோடு கொடுங்கள் என்று நாங்கள் விடாப்பிடியாக நின்றோம். பூப்போட்ட துணியை நான் மறக்கவில்லை.

ஆனால் அந்தக் கோடுகளால் கிடைத்த பெரிய பலன் டாக்டர் விஷயத்தில்தான். எவ்வளவு வசூலித்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரை நாம் போட முடியாது. அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து எம்.எல்.ஏ.விடமும் ஜே.டி.யிடமும் கொடுத்தோம். இரவுக்கு இன்னொரு டாக்டர் வந்தார். வாரத்தில் நாலு நாள்தான். இன்றுவரை நாலு நாள்தான்.

இதற்கிடையில் ஆட்டோ ஸ்டாண்டில் பேசப் போனோம். அடிபட்டவரை முதலில் தூக்குகிறவர்கள் அவர்கள்தானே. பயமெல்லாம் போலீஸ்தான். "சாட்சிக்கு அலைய விட்டுருவாங்கண்ணே." 2016-லேயே உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வழிகாட்டுதலை உறுதி செய்துவிட்டது, 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134ஏ பிரிவே வந்துவிட்டது என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. உள்ளூர் சப்-இன்ஸ்பெக்டரைக் கூட்டி வந்து அவர் வாயால் சொல்லவைத்த பிறகுதான் தலையாட்டினார்கள். முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் வந்ததுகூடப் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. பையனுக்கு அடிபட்டபோது எனக்கும்தான் தெரியாது. 108-க்குப் பதிலாக அட்வான்ஸ் கட்டுகிற தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று பர்ஸை எண்ணிக்கொண்டு நின்றவன் நான்.

2023 மே மாதம் எல்லாம் முடிந்தது. திறப்பு விழா வேண்டாம் என்று டாக்டர் சொன்னதில் எங்கள் தலைவருக்கு வருத்தம். கொடுத்தவர்கள் பெயரை சிவப்புப் பகுதிச் சுவரில் கல்வெட்டாகப் பதிக்கக் கேட்டார். அந்தச் சுவரில் ஆக்சிஜன் பாயிண்ட் வருகிறது, முடியாது என்றுவிட்டார்கள். இப்போது அது சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிறது. மழைக்காலத்தில் வண்டிகளை உள்ளே தள்ளி நிறுத்தும்போது பாதிப் பெயர் தெரியாது. தலைவர் அந்தப் பக்கம் போனால் ஒரு வண்டியையாவது நகர்த்தி வைத்துவிட்டுத்தான் வருவார்.

அந்தத் தலைமை டாக்டர் போன வருஷம் மாறுதலாகிப் போனார். ஹெட் சிஸ்டர் இருக்கிறார். போன வாரம் இரவு பத்தரைக்குப் போன் செய்தார். "அண்ணே, மூணாம் கட்டில் பாயிண்ட்ல லூஸா இருக்கு, ப்ளக் நிக்க மாட்டேங்குது. பி.டபிள்யூ.டி.க்கு எழுதியாச்சு, காலைல வருவாங்க. அதுவரைக்கும் ஒரு நல்ல ஜங்ஷன் பாக்ஸ் கிடைக்குமா?" கடை சாத்தியிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு, பையனையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனேன்.