கீழ்க் கடைசிப் பல்லை அறுவை செய்து எடுத்த அனுபவம்

பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஏலம் தொடங்கிவிட்டால் வாய் ஓயாது. அந்த வாயைத்தான் இடது பக்கக் கீழ்க் கடைசிப் பல் இரண்டு வருடமாகப் படுத்திக்கொண்டிருந்தது.

பாதி வெளியே, பாதி ஈறுக்குள். மேலே மூடிய சதைக்கு அடியில் சோற்றுப் பருக்கை போய்ச் சிக்கும், வீங்கும், மூன்று நாள் வாயைத் திறக்க முடியாது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் அடங்கும். இரண்டு மாதத்தில் திரும்ப வரும். ஏழெட்டுத் தடவை இப்படியே ஓட்டினேன். காரணம் பயம்தான். "கடவாய்ப் பல்லைப் பிடுங்கினா கண்ணு நரம்பு போயிடும் தம்பி, வேணாம்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது.

கடைசியாக வந்த வீக்கம் தொண்டை வரை இறங்கியது. எச்சில் விழுங்கவே வலித்தது. அன்றைக்குத்தான் தர்மபுரிக்கு பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா வாயைப் பார்த்துவிட்டு ஓபிஜி என்ற எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நின்றபடி ஒரு குச்சியை முன்பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும், கருவி தலையைச் சுற்றி வரும், அவ்வளவுதான். படத்தில் எல்லாப் பல்லும் நிமிர்ந்து நிற்க, என் கடைசிப் பல் மட்டும் சாய்ந்து படுத்து முன்னால் இருக்கும் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. இத்தனை மாத்திரையும் வீக்கத்தைத்தான் அடக்கியது, பல்லை நிமிர்த்தவில்லை என்பது அந்தப் படத்தைப் பார்த்ததும் புரிந்தது.

இரண்டு கேள்வி கேட்டேன். ஒன்று, கண். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது, அது கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது, கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று படத்திலேயே கோடு காட்டினார். பல்லின் வேர் அதை ஒட்டி இருந்தால் உதடு சில நாள் மரத்துப் போகலாம், அரிதாக நிரந்தரமாகவும் ஆகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எனக்கு வேர் தள்ளியே இருந்தது.

இன்னொன்று, நம் ஊர்த் தண்ணீர். ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன் புளோரைடு அதிகமுள்ள ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். என் முன்பற்களில் பழுப்புக் கறை உண்டு. அதனால்தான் இந்தப் பல்லும் இப்படி ஆனதா? இல்லை என்றார். புளோரைடு கறை, சிறு வயதில் பல் உருவாகும்போது படிவது. கடைசிப் பல் சாய்ந்து முளைப்பது தாடையில் இடம் போதாததால்.

சீழ் இருக்கும்போது மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காதாம். ஐந்து நாள் மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்த பிறகு வரச் சொன்னார். பிரஷர், சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா என்றெல்லாம் விசாரித்தார். வெறும் வயிற்றோடு வராதீர்கள், சாப்பிட்டுவிட்டே வாருங்கள் என்றார்.

அன்றைக்கு ஊசி போட்டபோது சுருக்கென்று இருந்தது. பத்து நிமிடத்தில் பாதி உதடும் பாதி நாக்கும் கட்டையாகிவிட்டன. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்" என்றார். நடுவில் ஒருமுறை தூக்கினேன். சொன்னபடியே நிறுத்தி, இன்னொரு ஊசி போட்டு, அப்புறம்தான் தொடர்ந்தார். எனக்கு அது பெரிய தைரியம். ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் சீவி, பல்லை இரண்டு துண்டாக அறுத்து எடுத்தார். வலி இல்லை. ஆனால் தாடையை யாரோ பலமாக அழுத்துவது போல இருக்கும், சத்தமும் மண்டைக்குள் கேட்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன். நாற்பது நிமிடம். கறுப்பு நூலில் மூன்று தையல்.

அப்புறம் பஞ்சுத் துணியை ஒரு மணி நேரம் கடித்திருக்க வேண்டும். முக்கியமானது, துப்பவே கூடாது, எச்சிலை விழுங்கிவிட வேண்டும். குழியில் உறையும் ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. துப்பினாலோ ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலோ அது பெயர்ந்துவிடும். பீடி, சிகரெட்டும் ஆகாது. மரப்பு விலகும் முன்பே வலி மாத்திரை போடச் சொன்னது நல்லதாயிற்று. பஸ் பாலக்கோடு வந்து சேர்வதற்குள் உதட்டில் உணர்ச்சி திரும்பத் தொடங்கியது.

முதல் நாள் கன்னத்தில் ஐஸ் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். வேகமாகக் கொப்பளிக்காமல் வாயில் வைத்திருந்து தானாக வழிய விட வேண்டும்.

மூன்றாம் நாள்தான் கஷ்டம். கன்னம் உருண்டையாக வீங்கி, வாய் ஒரு விரல் அளவே திறந்தது. ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து போன் செய்தேன். இரண்டு மூன்று நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போவது இயல்பு, இனிமேல் இறங்கும் என்றார். இதற்கு மேல் வலி கூடிக்கொண்டே போய் காது வரை இழுத்தால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே வரச் சொன்னார். எனக்கு நான்காம் நாளே குறைந்தது.

அதுவரை ஆறிய கேழ்வரகுக் கூழும் மோரும்தான் ஆகாரம். ஐந்தாம் நாள் அம்மா களி கிண்டி, நன்றாக ஆறவிட்டு வைத்தார். எப்படிக் கடிப்பது என்று தயங்கினேன். "களிய யாருடா கடிச்சுத் தின்னாங்க? உருட்டி முழுங்கு" என்றார். கடலைக்காய்ச் சட்னி காரம் வேண்டாமென்று மோரில் தொட்டு விழுங்கினேன். பல் எடுத்தவனுக்கு நம் ஊர்ச் சாப்பாட்டை விட நல்ல பத்தியம் இருக்காது.

ஏழாம் நாள் தையல் பிரித்தார். வலியே இல்லை. குழி தூர சில மாதம் ஆகுமாம். அதுவரை சாப்பிட்டதும் ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன். வலது பக்கக் கடைசிப் பல் நேராகத்தான் முளைத்திருக்கிறது, அதைத் தொட வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றிருக்கிறார். தையல் பிரிக்கும் தேதியைக் குறித்த மாதிரியே இதையும் மண்டி காலண்டரில் குறித்து வைத்துவிட்டேன்.