ஏற்புச் சான்றில் கையெழுத்துப் போடும் முன்

பல கணினிகளை இணைத்து ஒன்றாக இயக்கும் எங்கள் புதிய கிளஸ்டரின் 32 நோடுகளும் (தனிக் கணினிகளும்) ரேக்கில் ஏறி பச்சை விளக்கு எரிந்த அன்றைக்கே, நிறுவிக் கொடுத்த பொறியாளர் ஏற்புச் சான்றை நீட்டினார். “எல்லாம் ஓடுது சார், கையெழுத்துப் போட்டுடுங்க.” இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். மாதக்கணக்கில் காத்திருந்த ஆய்வு மாணவர்களிடம் அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

முதலில் கிளஸ்டர் முழுவதிலும் லின்பேக் ஓட்டினேன்; பெரிய சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்க்க வைத்துக் கணிக்கும் வேகத்தை அளக்கும் சோதனை அது. 1993 முதல் உலகின் வேகமான சூப்பர்கணினிகளின் டாப்500 பட்டியலை வரிசைப்படுத்துவது இந்தச் சோதனைதான். கணக்கு சரியாக முடிந்தது, வேகம்தான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. எல்லா நோடும் சேர்ந்து போடும் கணக்கு இது. ஒன்று தளர்ந்தாலும் மற்றவை அதற்காகக் காத்து நிற்கும். தளர்ந்தது எது என்பதை மொத்த எண் சொல்லாது. அதனால் ஒவ்வொரு நோடையும் தனித்தனியே சோதித்தேன்.

நினைவகத்தின் வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் சோதனையில் 17ஆம் நோடு அகப்பட்டது. மற்றவை நொடிக்கு 340 ஜிபியை ஒட்டி நிற்க, இது 240ஐத் தாண்டவில்லை. பார்த்தால் நினைவகத்திலேயே 32 ஜிபி குறைகிறது. மூடியைத் திறந்தோம், ஒரு ரேம் முழுதாக அழுந்தவில்லை. கழற்றி மாட்டியதும் சரியானது.

பிறகு, நோடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் அதிவேக வலையமைப்பான இன்ஃபினிபேண்ட். இரண்டிரண்டு நோடாக எடுத்து தரவு செல்லும் வேகத்தை அளந்தபோது, நொடிக்கு 200 கிகாபிட் வர வேண்டிய ஓர் இணைப்பு 50இல் நின்றது. நான்கு தடங்களில் ஒன்று மட்டும் வேலை செய்தது. அங்கேயும் விளக்கு பச்சைதான்! கேபிளை மாற்றினோம்.

என்னை அதிகம் வாட்டியது வெப்பம். 72 மணி நேரம் இடைவிடாமல் லின்பேக் ஓட விட்டேன். இரண்டாம் இரவு, ஒரு ரேக்கின் மேல்வரிசை நோடுகள் மட்டும் சூடேறித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டன. அரை மணி நேரச் சோதனையில் இது தெரிந்திருக்காது. ஏசியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ரேக்கின் முன்பக்கம் கையை வைத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது: காலி இடங்கள் மூடப்படாததால், பின்னால் வெளியேறும் சூடான காற்று அவற்றின் வழியே முன்னுக்குத் திரும்பி, மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. தகடுகள் போட்டு அடைத்து, 72 மணி நேரத்தையும் முதலிலிருந்து ஓட்டினேன்.

13ஆம் நாள் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு நோடின் சோதனை அளவுகளையும் பதிந்து வைத்திருக்கிறேன். பராமரிப்பு முடிகிற ஒவ்வொரு முறையும் அவற்றோடு ஒப்பிட்ட பிறகே, பயனர்களின் வேலைகளை நோடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஸ்லர்ம் மென்பொருளின் வரிசையைத் திறக்கிறேன்.