நூல் சொன்ன தூரம் வேறு, விமானம் பறந்த தூரம் வேறு

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு, நடுவில் எங்கும் நிற்காத விமானத்தில் டிக்கெட் போட்டாயிற்று. எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தட்டினால் நொடியில் வந்துவிடும். ஆனால் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இருக்கையில் உட்காரப் போகிறவனுக்கு அந்தத் தூரத்தைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆசை வராதா?

முதலில் சுவரில் இருந்த உலக வரைபடத்தில் ஸ்கேலை வைத்தேன். கோடு அரேபியா, சஹாரா எல்லாம் தாண்டி அட்லாண்டிக்கில் இறங்கியது. உருண்டையை இழுத்துத் தட்டையாக்கிய படம் அது. அந்தக் கோட்டிலேயே போனால் சுமார் 18,500 கி.மீ. சுற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம் மேசை மேல் இருந்த பூகோள உருண்டையை எடுத்தேன். விட்டம் 30 செ.மீ., சுற்றளவு 94. தையல் நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இறுக்கினேன். நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. வழுக்கி வழுக்கி மேலே ஏறி, உருண்டையின் உச்சி ஆணியை ஒட்டி, வட துருவத்தில் போய் நின்றது! யோசித்தால் நியாயம்தான். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178. பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

நூல் 36 செ.மீ. இருந்தது. 94 செ.மீ.க்கு 40,000 கி.மீ. என்றால் 36க்கு 15,300 சொச்சம். நம்பிக்கை வராமல் இன்னொரு கணக்கும் போட்டேன். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.65 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.35. மொத்தம் 138. பாகைக்கு 60 கடல் மைல், கடல் மைலுக்கு 1.852 கி.மீ.; பெருக்கினால் 15,335. கணினி காட்டும் தூரம் 15,350ஐ ஒட்டி வருகிறது. தையல் நூலுக்கு இது போதும்.

இந்தப் பெருமையோடு விமானம் ஏறினால், இருக்கைத் திரையில் கோடு துருவத்துக்குப் போகவே இல்லை. பசிபிக் பக்கம் திரும்பிவிட்டது. காரணம் காற்று. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஓடுகிறது. விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. போகிறது என்று வையுங்கள். பின்னாலிருந்து 150 தள்ளினால், தரையைப் பொறுத்தவரை 1,050. தரைக்கணக்கில் பாதை நீண்டாலும் காற்றைக் கிழித்துப் பறக்கும் தூரம் குறைகிறது. எரிபொருள் செலவாவது இரண்டாவது கணக்கில்தான். இரு நகரங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு என்பதற்கு விமானியிடம் தினம் ஒரு பதில் இருக்கும் போலிருக்கிறது.

திரையில் கடந்த தூரம் 15,350ஐத் தொடும் வரை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “இன்னும் எவ்வளவு சார்?” என்றார்.

“நூல் கணக்குப்படி இப்பத்தான் இறங்கினோம்” என்றேன்.

அவர் ஜன்னல் வழியே கீழே மேகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார். இறங்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.